புள்ளிகளின் கையைக் கோத்துவிடுங்கள்

2028 மகாமகத்துக்குக் கூட்டத் திட்டம் வகுக்கப்போகும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்காகக் கணினி மாதிரி அமைக்கப்போகும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் கும்பகோணத்தில் பிறந்தவன். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் போக்குவரத்துப் பொறியியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் காலத்தை மாமாங்கத்தால் அளப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கணக்கில் நான் மூன்று மாமாங்கம் கண்டவன்: 1992, 2004, 2016. நான்காவது நெருங்குகிறது. கூட்டம் எங்கே தேங்கும், எந்தத் தெருவை ஒருவழியாக்கலாம், தடுப்புக் கட்டைகளை எங்கே நிறுத்தலாம் என்பதையெல்லாம் இந்த முறை கணினியில் ஓட்டிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அந்தத் திரையில் மனிதர்களுக்குப் பதிலாக ஓடப்போகும் புள்ளிகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

2016இல் மகாமகக் குளத்தின் படிக்கட்டு ஒன்றில் தன்னார்வலனாக நின்றேன். "நிற்காதீர்கள், போய்க்கொண்டே இருங்கள்" என்று சொல்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பெண்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னால் நடந்தவருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு மஞ்சள் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அவருடைய முந்தானை பின்னால் வந்தவர் கையில், அவருடையது அதற்கும் பின்னால் வந்தவர் கையில். இப்படியே பன்னிரண்டு பேரும் ஒரே சங்கிலியாகப் படி இறங்கினார்கள். நடுவில் வந்த ஒருவரின் கையிலிருந்து செம்பு நழுவி இரண்டு படி உருண்டது. அவர் குனிந்தார். சங்கிலி முழுவதும் நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். செம்பை எடுக்க ஐந்து வினாடி ஆகியிருக்கும். அதற்குள் அந்தத் தேக்கம் மேலே தெரு வரைக்கும் நெளிந்துபோனதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் கத்தினேன். மஞ்சள் பை அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. "தம்பி, இவளை விட்டுவிட்டு எங்கே போவது?" என்று கேட்டார். பிறகு திரும்பி நின்று, விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். பன்னிரண்டு சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தார்.

உங்கள் கணினி மாதிரி அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லுமா?

மனிதர் நடப்பதைக் கணினியில் போலச் செய்து காட்டும் முறைகளில் அதிகம் புழங்குவது, 1995இல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்நார் ஆகிய இருவரும் வெளியிட்ட 'சமூக விசை' மாதிரியும் அதன் வழித்தோன்றல்களும். ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. போகவேண்டிய இடம் அந்தப் புள்ளியை இழுக்கும். சுவரும் பிற மனிதர்களும் அதைத் தள்ளுவார்கள். இந்தச் சில விசைகளைக் கூட்டினாலே, எதிரெதிராக வரும் கூட்டம் தானாக வரிசை பிரிந்து நடப்பது திரையில் தோன்றிவிடும். முதன்முதலில் அதைப் பார்த்த மாணவப் பருவத்தில் நான் வியந்துபோனேன், இன்றும் வியப்புதான். அந்த முதல் கட்டுரையிலேயே நண்பர்கள் போன்றவர்களிடம் தோன்றும் ஈர்ப்புக்கும் ஒரு விசை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அவசர அவசரமாக ஒரு திட்ட அறிக்கை எழுதும்போது முதலில் விட்டுப்போவது அந்த விசைதான். புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளும், ஆனால் எந்தப் புள்ளியும் இன்னொன்றின் கையைப் பிடிக்காது. அம்மா இல்லாத, குழந்தை இல்லாத, ஊர்க்காரர் இல்லாத தனி ஆட்களின் கூட்டமாக அது ஓடும்.

எண்களும் எங்கிருந்தோ வந்தவை. தடையில்லாமல் நடக்கும் மனிதரின் வேகம் வினாடிக்கு 1.34 மீட்டர் என்று பல மாதிரிகளில் போடுகிறார்கள். சூரிச்சிலிருந்து உல்ரிக் வைட்மன் 1993இல் தொகுத்துத் தந்த எண் அது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 4.8 கிலோமீட்டர். ஈரச் சேலை காலைச் சுற்ற, செருப்பில்லாமல், ஒரு கையில் தீர்த்தச் சொம்பும் மறு கையில் பேரனுமாகக் கருங்கல் படியேறும் பாட்டி அந்த வேகத்தில் நடப்பாரா?

இது என் ஊர்ப்பற்றில் எழும் சந்தேகம் மட்டும் அல்ல. 2009இல் உஜ்ஜல் சட்டராஜ், ஆர்மின் சைஃப்ரீட், பார்த்தா சக்ரவர்த்தி ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் நடத்திய சோதனையை அப்படியே இந்தியாவிலும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டார்கள். நீள்வட்டப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டும், முந்திச் செல்லக்கூடாது, அவ்வளவுதான் சோதனை. ஆட்களைக் கூட்டக் கூட்ட வேகம் குறையும். அது எங்கும் உண்டு. ஆனால் இந்தியர்கள் முன்னால் போகிறவருக்கு மிகக் குறைந்த இடைவெளியே விட்டார்கள். நெருக்கம் கூடியபோதும் ஜெர்மானியர்களின் நடை குறைந்த அளவுக்கு இவர்களுடைய நடை குறையவில்லை. ஒரே பாதை, ஒரே விதி, இரண்டு விதமான கூட்டம்.

இதைப் படித்துவிட்டு "நம் ஆட்களால் அதிக நெருக்கத்தில் நடக்க முடியும், ஆகவே அதே தெருவில் இன்னும் பலரை அனுப்பலாம்" என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. பஸ்ஸிலும் நியாயவிலைக் கடை வரிசையிலும் கோயில் பிராகாரத்திலும் உடம்போடு உடம்பு உரசி வளர்ந்தவர்கள் நாம். நெருக்கம் நமக்குச் சீக்கிரம் உறுத்தாது. சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற நிலையை எட்டும்போது கூட்டம் ஏறத்தாழ ஒரு திரவம்போல் ஆகிவிடுகிறது என்று ஜான் ஃப்ருயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதினார். அந்த நிலையில் கால் தரையில் பாவாது. எங்கிருந்தோ ஓர் அலை வந்து ஆட்களை மீட்டர் கணக்கில் நகர்த்திவிடும். "கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே" என்று பிறர் பின்வாங்கும் இடத்தைத் தாண்டியும் நாம் உள்ளே போய்க்கொண்டே இருப்போம் என்றால், உறுத்தத் தொடங்கும் நேரத்தில் திரும்புவதற்கு இடம் இருக்காது. எங்கள் எண்களை எங்களிடமிருந்தே எடுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இனி அந்த முந்தானைச் சங்கிலிக்கு வருகிறேன். குடும்பத்தை விட்டு நகராதது நம் பண்பாட்டுக்கு மட்டுமே உரிய குணம் என்று நான் பெருமை பேசப்போவதில்லை. 1973இல் மேன் தீவில் சம்மர்லேண்ட் என்ற கேளிக்கைக் கூடம் தீப்பிடித்து 50 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் எப்படி நகர்ந்தார்கள் என்பதை ஜோனதன் சைம் என்ற உளவியலாளர் ஆராய்ந்தார். மனிதர்கள் அருகில் இருக்கும் வாசலை நோக்கி ஓடுவதைவிடத் தமக்குப் பழக்கமான வாசலையும் தம் மனிதர்களையும் நோக்கியே நகர்ந்தார்கள் என்று 1983இல் எழுதினார். 2010இல் மெஹ்தி முசையிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வோ, சாதாரணக் கடைத்தெருவிலேயே நடப்பவர்களில் 70 விழுக்காடு வரை குழுவாக நடக்கிறார்கள் என்றது. ஆகவே ஐரோப்பாவிலேயே தனிப்புள்ளி மாதிரி முழு உண்மை இல்லை. பண்பாடு எங்கே நுழைகிறது என்றால், 'நம்மவர்' என்ற வட்டம் எவ்வளவு பெரியது என்பதில் நுழைகிறது. அங்கே இருவர் மூவர். இங்கே ஒரே வேனில் வந்திறங்கிய பதினெட்டுப் பேர். தெருக்காரர்கள், ஒரே குலதெய்வத்துக்காரர்கள், சம்பந்தி வீட்டார், வழியில் சேர்ந்துகொண்ட ஒரு கிழவி. அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர் காணவில்லை என்றால் பதினெட்டுப் பேரும் நிற்பார்கள். அதில் இரண்டு பேர் கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி நடப்பார்கள்.

அப்படித் திரும்பி நடந்தவர்களை நான் அறிவேன். 1992 பிப்ரவரி 18 அன்று எனக்கு ஒன்பது வயது. பாட்டி தன் முந்தானை நுனியை என் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தார். குளத்துக்குப் போகும் தெருவிலேயே நாங்கள் நின்றுவிட்டோம். முன்னால் ஏதோ நடந்துவிட்டது என்ற பேச்சு, அழுகை, எல்லாரும் திரும்புங்கள் என்ற கூச்சல். பாட்டி எங்களை எண்ணினார். ஆறு. ஏழாவதாக வந்த அத்தையைக் காணவில்லை. திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு எதிராகப் பாட்டி நடந்தார், முடிச்சில் கட்டுண்டு நானும் நடந்தேன். அத்தை ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றிருந்தார், கிடைத்துவிட்டார். அன்று குளக்கரையில் சுமார் 50 பேர் இறந்தார்கள். அவர்களுடைய வீட்டாரும் எங்களைப் போலவே எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

பாட்டி செய்தது ஆபத்தான காரியம். ஆனால் அது பீதி இல்லை, நல்ல தெளிவோடுதான் செய்தார். கூட்ட மாதிரிகளில் 'பீதி' என்றொரு அளவு உண்டு. அதைக் கூட்டினால் புள்ளிகள் அறிவிழந்து வாசலை முட்டும். நம் செய்தித்தாள்களும் 'தள்ளுமுள்ளு', 'மிதிபட்டு பலி' என்றே எழுதிப் பழகிவிட்டன. நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபட்டு நேர்வதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சு விட இடமில்லாமல் நேர்பவை. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் யாரையும் கொல்லத் தள்ளவில்லை, ஓர் அடி எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கியவர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். பழியை ரசிகர்கள் மீதே போட்டார்கள். ரசிகர்கள் காரணமில்லை என்று விசாரணை மன்றம் சொல்ல 2016 ஆகிவிட்டது. மாதிரியில் கூட்டத்தை அறிவற்றதாக எழுதிவிட்டால், பிறகு எழுதப்படும் விசாரணை அறிக்கையிலும் கூட்டமே குற்றவாளியாகிவிடும். தயவுசெய்து எங்களை அப்படி எழுதாதீர்கள்.

நம்பிக்கையும் நேரமும் கூட்டத்தை எப்படி நகர்த்தும் என்பதற்கு மக்காவுக்கு அருகில் உள்ள ஜமராத் பாலத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 2006 ஜனவரி 12 அன்று, ஹஜ் யாத்திரையில் கல்லெறியும் சடங்கின்போது அங்கே 340க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நண்பகல் சாய்ந்த பின்னரே கல்லெறிய வேண்டும் என்று பலர் கருதியதால், பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் பாலத்துக்கு வந்தது. ஹெல்பிங் அந்த நாளின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து, கூட்டத்துக்குள் எழுந்த கொந்தளிப்பை அளந்து எழுதினார். பழைய பாலத்தை இடித்துவிட்டுப் பல அடுக்குகளில் புதியது கட்டினார்கள். குழுக்களுக்கு நேரம் பிரித்துக் கொடுத்தார்கள். கல்லெறியும் நேரத்தை விரித்துக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்களும் சொன்னார்கள். கான்கிரீட்டைப் போலவே அந்தச் சொல்லும் தேவைப்பட்டது. அதன் பிறகும் 2015இல், அந்தப் பாலம் இருக்கும் மினாவில் பேரிடர் நிகழ்ந்தது. அது நிகழ்ந்தது பாலத்தில் அல்ல. பாலத்துக்குப் போகும் வழியில், இரண்டு தெருக்கள் சேரும் இடத்தில். சவுதி அரசின் கணக்குப்படியே 769 பேர் இறந்தார்கள்.

கும்பகோணத்துக்கு இதில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, மகாமகம் பத்து நாள் விழா. ஆனாலும் தீர்த்தவாரி நாளன்று, அதிலும் தீர்த்தவாரி நடக்கும் அந்த நேரத்தில் முழுக்குப் போடவேண்டும் என்பதுதான் எல்லார் மனத்திலும் இருக்கிறது. பத்து நாளும் புண்ணியமே என்று மாவட்ட ஆட்சியர் சொன்னால் மக்கள் காதில் ஏறாது. சிவாச்சாரியார்களும் மடங்களின் தலைவர்களும் வீட்டுப் புரோகிதர்களும் சொன்னால் ஏறும். அவர்களை இப்போதே அழைத்துப் பேசுங்கள். அவர்கள் சொன்னால் எத்தனை பேர் நாளை மாற்றிக்கொள்வார்கள் என்பதையும் உங்கள் மாதிரியில் ஓர் எண்ணாக வையுங்கள், அதைக் கேட்டு அறியுங்கள். இரண்டாவது, குளத்தை மட்டும் வரைந்து ஓட்டாதீர்கள். ரயில் நிலையத்திலிருந்து குளம் நடந்துபோகும் தூரம்தான். குளத்தில் முழுகியவர் வீடு திரும்புவதில்லை, பொற்றாமரைக் குளத்துக்குப் போகிறார், அங்கிருந்து காவிரிக்குப் போகிறார். குளத்துக்குள்ளேயே இருபது தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. கங்கை, யமுனை, கோதாவரி, நர்மதை என்று ஒவ்வொன்றாகத் தேடிப்போய் நீர் தெளித்துக்கொள்கிறார். 'உள்ளே நுழை, முழுகு, வெளியேறு' என்று மூன்று கட்டளையில் எங்கள் ஊர்க் கூட்டத்தை எழுத முடியாது. கரையில் பதினாறு மண்டபங்கள் இருக்கின்றன. வெயிலேறினால் நிழலுக்காக ஆட்கள் அங்கே ஒதுங்குவார்கள். அந்த ஒதுங்கலும் ஒரு விசைதான்.

கேமராவும் செயற்கை நுண்ணறிவும் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லக்கூடும். 2025 பிரயாக்ராஜ் கும்பமேளாவில் தலைகளை எண்ணும் கேமராக்கள் இருந்தன. ஜனவரி 29 விடியற்காலையில் அங்கே 30 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. எண்ணுவது நல்லது. ஆனால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று கேமரா சொல்லும், அவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லாது. அதைப் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும். சென்னை எம்.ஜி.ஆர். நகரில் 2005 டிசம்பரில் வெள்ள நிவாரணத்துக்காக வந்து நின்ற 42 பேரையும், கரூரில் 2025 செப்டம்பரில் 41 பேரையும் இழந்தவர்கள் நாம். ஒவ்வொரு முறையும் பரப்பளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்தே வாதாடுகிறோம்.

அளப்பதற்கு உங்களுக்குக் காலம் இருக்கிறது. மாசி மகம் ஆண்டுதோறும் இதே குளத்தில், இதே படிகளில் நடக்கிறது. 2028க்கு முன்னால் வரும் ஒவ்வொரு மாசி மகத்தையும் ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் குழுவாக வருகிறார்கள், ஒரு குழுவில் எத்தனை பேர், ஈரத் துணியோடு படியேற எவ்வளவு நேரம் ஆகிறது, ஒருவர் பிரிந்தால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதி எடுங்கள். புதுச்சட்டைக்காரப் பையன்களுக்கும் பாட்டிகளுக்கும் ஒரே வேகத்தைப் போடாதீர்கள். ஒலிபெருக்கியில் "இன்னாரைத் தேடி அவருடைய உறவினர்கள் காத்திருக்கிறார்கள்" என்று அறிவித்ததும் எத்தனை பேர் திரும்பி நடக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த அறிவிப்பு ஒன்றே தெருவில் எதிரோட்டத்தை உண்டாக்குகிறது என்பது என் கணிப்பு. தொலைந்தவர் கூடும் இடத்தைக் கூட்டத்துக்கு வெளியே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் அடையாளம் காணக்கூடிய குறியோடு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தெரியும்படி அமைத்தால் அந்த எதிரோட்டம் குறையும். யானை வாசல், மயில் வாசல் என்று வாசல்களுக்குப் படங்களை வைக்கலாம். எண் போட்ட பலகை என் பாட்டிக்குப் பயன்பட்டிருக்காது.

ஒரு முக்கியப் பிரமுகர் நீராட வருவதையும் மாதிரியில் சேருங்கள். இது கசப்பான வேண்டுகோள் என்று தெரியும். ஒரு வாசலை இருபது நிமிடம் மூடிவைத்தால் மேலே தெருக்களில் என்ன ஆகும் என்பதை ஓட்டிப் பார்த்து, அந்தப் படத்தை முடிவெடுப்பவர்களின் மேசையில் வையுங்கள். நீங்கள் வாயால் சொல்லத் தயங்குவதை அந்தப் படம் சொல்லிவிடும்.

கடைசியாக, நீங்கள் வைத்துக்கொண்ட அனுமானங்களை எல்லாம் தமிழில் வெளியிடுங்கள். வேகம் இவ்வளவு, குழு இவ்வளவு, இத்தனை பேர் திரும்பி நடப்பார்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிறகு அந்தத் திரையைப் பூக்காரப் பெண்களுக்கும், குளக்கரைப் புரோகிதர்களுக்கும், துப்புரவுப் பணியாளர்களுக்கும், ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் போட்டுக் காட்டுங்கள். "இந்த முக்கில் இப்படித் திரும்ப மாட்டார்களே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக உங்கள் மாதிரியைத் திருத்தி எழுதுங்கள். சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். எங்கள் ஊரில் கூட்டம் திரும்பும் முக்கு எது என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

நான் வெறுமனே மடல் எழுதிவிட்டு ஒதுங்கப்போவதில்லை. வருகிற மாசி மகத்தன்று காலை நான்கு மணிக்கு, வடகரையில் காசி விசுவநாதர் கோயில் வாசலில், என் மாணவர்கள் எட்டுப் பேரோடும் எண்ணும் கருவிகளோடும் நிற்பேன். வருகிறவர்களைத் தனித்தனியாக அல்ல, குழு குழுவாக எண்ணப்போகிறோம். உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளரை அனுப்பிவையுங்கள். சூரியன் வருவதற்குள் அவருக்கு நான் குறைந்தது நூறு முந்தானை முடிச்சுகளைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
மகாமகக் குளத்தங்கரையில் வளர்ந்த ஓர் ஆசிரியன்